சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

கேட்கப்பட்டது இது: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்? எங்கும் நிற்காத விமானத்தில் எவ்வளவு நேரம்? தூரம் கணக்கிட்டுத் தரும் ஒரு தளம் 17 மணி நேரம் என்கிறது, இன்னொன்று 19 மணி 40 நிமிடம் என்கிறது, டிக்கெட்டில் வேறொன்று இருக்கிறது. எதை நம்புவது?

டிக்கெட்டில் இருப்பதை நம்புங்கள். தூரம் 15,349 கிலோமீட்டர். பயண நேரம் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டி இருக்கும்; பருவத்தையும் திசையையும் பொறுத்து அரை மணி முன்னே பின்னே நகரும். அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த 15,349 கிலோமீட்டர் பாதையில் இந்த விமானம் பெரும்பாலும் பறப்பதில்லை என்பதுதான் இதில் சுவையான விஷயம்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, அந்த இரண்டையும் தொட்டு பூமியின் மையத்தைச் சுற்றி வரையப்படும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. சுவரில் மாட்டிய தட்டையான உலக வரைபடத்தில் இது வளைந்து தெரியும். கணினித் திரையில் கோடு வில்லாக வளைந்து வடக்கே ஏறுவதைப் பார்த்து, விமானம் சுற்றிப் போகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வளைவு வரைபடத்தின் குறைபாடு. ஓர் உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இந்த இரண்டு விமான நிலையங்களின் அமைப்பு விசித்திரமானது. சூத்திரம் தெரியாமலேயே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். சாங்கி இருப்பது வடக்கு அட்சரேகை 1.36 டிகிரி, கிழக்கு தீர்க்கரேகை 103.99 டிகிரி. ஜே.எஃப்.கே. இருப்பது வடக்கு 40.64 டிகிரி, மேற்கு 73.78 டிகிரி. தீர்க்கரேகைகளைக் கூட்டினால் 177.77. பூமியைச் சரிபாதியாகப் பிளக்க 180 வேண்டும்; இங்கே குறைவது இரண்டேகால் டிகிரிதான். அதாவது ஒன்றுக்கு நேர் பின்புறத்தில் மற்றொன்று. அப்படியானால் குறுக்கு வழி வட துருவத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி, துருவத்திலிருந்து ஜே.எஃப்.கே.வுக்கு 49.36 டிகிரி, கூட்டினால் 138. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 15,345 கிலோமீட்டரும் கொஞ்சமும். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதையும் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் கிடைக்கும் 15,349-க்கும் இதற்கும் நாலு கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை.

இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா எல்லாம் கடந்து, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் நெருங்கி, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்கலாம். வரைபடத்தில் ஒன்றுக்கொன்று வலது ஓரமும் இடது ஓரமுமாகத் தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவே குறுகிய வழி ஏறக்குறைய நேர் வடக்கு!

அலகு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இதே தூரம் 9,537 மைல் என்றும் எழுதப்படும், 8,288 கடல் மைல் என்றும் எழுதப்படும். விமானிகளும் விமான நிறுவனங்களும் பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். இரண்டையும் வெறும் மைல் என்றே போட்டுவிடும் தளங்கள் உண்டு. எண்கள் 15 விழுக்காடு அளவில் முட்டிக்கொண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது நேரத்துக்கு வருவோம். நீண்ட தூர விமானம் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு என்ற அளவில் பறக்கிறது. 11 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் குளிரில் அது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். கேள்வியில் வந்த முதல் தளம் செய்தது இவ்வளவுதான். இரண்டாவது தளம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்திருக்கிறது; 19 மணி 40 நிமிடம் வந்துவிட்டது. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டுமே வகுத்தல் கணக்கு. விமானம் எந்த வழியாகப் போகிறது, அந்த வழியில் காற்று எப்படி இருக்கிறது என்று எதையும் அவை கேட்கவில்லை.

காற்றுதான் இங்கே தீர்ப்பு எழுதுகிறது. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளின் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. வட பசிபிக்கின் மேல், ஜப்பானைத் தாண்டிய பகுதியில், அது குறிப்பாக வலுவானது. விமானத்தின் 900 கிலோமீட்டர் என்பது அதைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டுச் சொல்வது. காற்று நகர்ந்தால் விமானமும் சேர்ந்து நகர்கிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயலை ஒட்டிய பலத்த காற்றில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் தரையை ஒப்பிட்டு மணிக்கு 1,120 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. காற்றுக்குள் அதன் வேகம் வழக்கம்போலத்தான் இருந்தது.

ஆகவே சாங்கியிலிருந்து புறப்படும் விமானம் பல நாட்களில் நேர் வடக்கே போகாமல், பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கமாக வடகிழக்கே ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாக நியூயார்க் போகிறது. திரும்பி வரும்போது வந்த வழியே திரும்பாமல், அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா வழியாக வருவது வழக்கம். கவனித்தீர்களா? போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. இரண்டு முறையும் காற்று முதுகுப் பக்கம். ஒரு பயணி போய்த் திரும்பினால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார், பெரும்பாலும் அவருக்கே தெரியாமல். ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை இது. பாதையின் நீளம் சுமார் 16,700 கிலோமீட்டர் என்று 2018-இல் நியூயார்க் பக்கத்து நுவார்க்குக்கு இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸே அறிவித்தது. வரைபடத் தூரத்தைவிட ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் அதிகம். விமானத்துக்கு முக்கியம் தரையில் எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல, காற்றுக்குள் எத்தனை கிலோமீட்டர் என்பதே.

இதற்கு என் கண்ணில் மிகத் தெளிவான சான்று டெல்லி–சான் பிரான்சிஸ்கோ பாதை. ஏர் இந்தியா அதை முதலில் அட்லாண்டிக் வழியாக, மேற்கு நோக்கி இயக்கியது. பறந்த தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையை மாற்றி, பசிபிக் வழியாகக் கிழக்கே அனுப்பியது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர் ஆயிற்று. 1,400 கிலோமீட்டர் கூடியும் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. எதிர்காற்றோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாகப் பின்காற்றைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்னும் துணிச்சலான கணக்கு 2005 நவம்பரில் நடந்தது. போயிங் நிறுவனம் தன் 777-200எல்ஆர் விமானத்தை ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குக் கிழக்கு வழியாக, பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று சுற்றி 21,602 கிலோமீட்டர் பறக்கவிட்டது. 22 மணி 42 நிமிடம். நேர்வழியில் அந்த ஊர்களுக்கு இடையே 9,700 கிலோமீட்டர்கூட இல்லை. அது சாதனைக்காகச் செய்தது. பயணிகளோடு யாரும் அப்படிப் போவதில்லை.

போகும்போது காற்று உதவினால் வரும்போது தடுக்கும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். சரியாகாது. 5,600 கிலோமீட்டர் தூரத்தை 100 கிலோமீட்டர் பின்காற்றில் கடக்க 5 மணி 36 நிமிடம். அதே அளவு எதிர்காற்றில் 7 மணி. மொத்தம் 12 மணி 36 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 27 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் மாட்டிக்கொண்டு இருக்கும் நேரம் அதிகம் என்பதால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

காற்றுக்கு அடுத்தது அரசியல். வானத்தில் வேலி இல்லை என்று சொல்வது அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்த நாட்டுக்குச் சொந்தம், அனுமதியும் கட்டணமும் இல்லாமல் நுழைய முடியாது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு நிறுவனங்களுக்கு அடைபட்டுவிட்டது. அதனால் அதிகம் அடிபட்டவற்றில் ஒன்று ஹெல்சிங்கி–டோக்கியோ பாதை. பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவன விமானங்கள் சைபீரியாவுக்கு மேலே ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தன. மூடிய பிறகு ஒன்று வட துருவம் வழியாக அல்லது தெற்கே சுற்றி, சுமார் 13 மணி நேரம். ஊர்கள் நகரவில்லை, வரைபடத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. தூரக் கணக்குத் தளத்தில் இன்றும் பழைய எண்ணே வரும். (இதே ஃபின்ஏர், சோவியத் வான்வெளி மூடியிருந்த 1983-இலும் டிசி-10 விமானத்தைத் துருவம் வழியாகத்தான் டோக்கியோவுக்கு அனுப்பியது. நாற்பது ஆண்டுகளுக்குள் பழைய பாதைக்கே திரும்பிவிட்டார்கள்.) சாங்கியிலிருந்து துருவம் நோக்கிப் போகும் அந்த 15,349 கிலோமீட்டர் கோடும் சைபீரியாவைக் கடந்தே ஆக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வேறு சில கட்டுப்பாடுகளும் உண்டு. இரண்டு எஞ்சின் விமானம் என்றால், ஓர் எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இறங்கக்கூடிய விமான நிலையம் வழியில் இருக்க வேண்டும். திபெத் பீடபூமியின் மேல் விமானங்கள் குறைவாகப் பறப்பதற்கும் காரணம் உண்டு: கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே 4,500 மீட்டரில் இருக்கிறது.

இவ்வளவு தூரம் பறப்பதற்கான விலையை விமானத்தின் உள்ளே நுழைந்தால் கண்ணால் பார்க்கலாம். இந்தப் பாதையில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர் ரகத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகளோ 161 மட்டும்: 67 பிசினஸ் வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. அதே நிறுவனத்தின் வழக்கமான நீண்ட தூர ஏ350-900 விமானத்தில் 253 இருக்கைகள். எடை காரணம். பதினெட்டாவது மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளையும் முதல் நிமிடத்திலிருந்தே சுமக்க வேண்டும். அதைச் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் செலவாகிறது. புறப்பட்டவுடன் விமானம் கனமாக இருப்பதால் ஒரேயடியாக உச்ச உயரத்துக்குப் போக முடியாது. இருக்கைத் திரையில் உயரத்தைக் கவனித்துக்கொண்டே வந்தால் தெரியும்: சில மணி நேரம் ஒரே எண், பிறகு 600 மீட்டர் ஏற்றம், மறுபடி பல மணி நேரம், மறுபடி ஓர் ஏற்றம். எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக ஏறுகிறது. 2004 முதல் 2013 வரை இதே நிறுவனம் நுவார்க்குக்கு நான்கு எஞ்சின் ஏ340-500 ரகத்தை இயக்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்தி, சிக்கனமான இரட்டை எஞ்சின் விமானம் வந்தபின் 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஜே.எஃப்.கே.வுக்கு 2020 நவம்பரில் தொடங்கியது.

டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாயிலை விட்டு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அங்கே போய் வாயிலில் நிற்கும் வரை உள்ள மொத்த நேரம் அது. ஜே.எஃப்.கே. போன்ற நெரிசலான இடத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதிலேயே அரை மணி போய்விடலாம். நிறுவனங்கள் அதையும் சேர்த்து, தாமதத்துக்கு இடம் விட்டு அட்டவணை போடுகின்றன. விமானி 18 மணி நேரத்துக்கும் குறைவான பறக்கும் நேரத்தை அறிவித்தால், முன்னதாகப் போய்ச் சேர்கிறோம் என்று உடனே மகிழ வேண்டாம். டிக்கெட்டிலும் உள்ளே இருப்பது அதேதான்.

அதிகம் குழப்புவது கடிகாரக் கணக்கு. சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால். ஆண்டு முழுதும் மாறாது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடைக்கால நேரம். ஆக வித்தியாசம் குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி. கோடையில் ஒரு திங்கட்கிழமை இரவு 11.30-க்குச் சாங்கியில் விமானம் கிளம்புகிறது, 18 மணி 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்க் கடிகாரத்தில் செவ்வாய் மாலை 6.10. பன்னிரண்டைக் கழித்தால் நியூயார்க்கில் செவ்வாய் காலை 6.10. டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு 6 மணி 40 நிமிடப் பயணம்போலத் தோன்றும். திரும்பும் பயணத்தில் இது தலைகீழ்: நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் அப்போது செவ்வாய் காலை 10.30. அதே 18 மணி 40 நிமிடம் கூட்டினால் புதன் காலை 5.10. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக ‘+2’ என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் ஹோட்டலைச் செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

வழி எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. பசிபிக்கின் மேல் சர்வதேச தேதிக்கோட்டைக் கடக்கிறோமா, ஐரோப்பா வழியாகப் போகிறோமா என்பதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். இரண்டு ஊர்களின் நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் உண்மையான பயண நேரம் வந்துவிடும்.

கடைசியாக, வாங்கும் டிக்கெட்டில் ‘நேரடி விமானம்’ என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். ஒரே விமான எண்ணில் நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறினாலும் அது நேரடிதான். சிங்கப்பூர்–நியூயார்க்குக்கு ஃபிராங்ஃபர்ட்டில் நின்று போகும் விமானமும் இருக்கிறது. சாங்கி–ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து ஜே.எஃப்.கே. சுமார் 6,200, மொத்தம் 16,500. இடைநில்லா விமானம் உண்மையில் பறக்கும் தூரத்தைவிட இது சற்றுக் குறைவுகூட! ஆனால் இரண்டு பாதியிலும் மேற்கு நோக்கியே போக வேண்டும் என்பதால் எதிர்காற்று; நடுவே நிற்கும் நேரம் வேறு; மொத்தம் 23 மணி நேரத்தைத் தொட்டுவிடும். அதற்கு ஈடாக எகானமி வகுப்பு கிடைக்கிறது, பாதி வழியில் கால் நீட்டி நடக்க முடிகிறது. பதினெட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார முடியாதவர்களுக்கும், பிரீமியம் கட்டணம் கட்ட விரும்பாதவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். வேறு இரண்டு தனி டிக்கெட்டுகளாக வாங்கி இணைப்பு விமானம் பிடிப்பதாக இருந்தால் மட்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பதை நினைவில் வைத்து, நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

யாரையாவது அழைத்துவர விமான நிலையம் போகிறவர்கள் அட்டவணை நேரத்தைப் பார்க்கவே வேண்டாம். விமானம் புறப்பட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கண்காணிப்புச் செயலியில் காட்டும் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். அன்றைய பாதையும் அன்றைய காற்றும் அதில் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் கால் மணிக்கு மேல் பிசகாது.